அம்பில்லாத வில்லோடு மிளா வேட்டை

போன மாதம் என் தங்கை மகன் அமெரிக்காவிலிருந்து ஒரு போட்டோ அனுப்பினான். கொலராடோ என்ற மலைநாட்டில், இலையும் தழையும் அச்சடித்த சட்டை போட்டு, கையில் வில்லோடு நிற்கிறான். வில்லா அது? கப்பி, கம்பி, ஸ்குரு எல்லாம் வைத்து, ஸ்பின்னிங் மில் மெஷினைப் பாதியாக அறுத்துக் கையில் கொடுத்த மாதிரி இருந்தது. எல்க் என்று ஒரு பெரிய மான், அதை வில்லால் அடிக்க வழிகாட்டி ஒருவரை வைத்துக்கொண்டு ஐந்து நாள் மலையில் சுற்றியிருக்கிறான். கடைசியில் அதன் வாலைக்கூடப் பார்க்கவில்லையாம்.

"மாமா, அப்பா வில்லு பிடிச்சு மலைக்குப் போனாருல்ல, நீங்களும் கூடப் போனீங்கல்ல, அதை எழுதுங்க. இங்கே ஒருத்தனும் நம்ப மாட்டேங்கான்" என்று போனில் சொன்னான். எனக்குப் படிப்பு எட்டாங்கிளாசோடு நின்றுவிட்டது. ஆனால் எழுத உட்கார்ந்தால் நிற்க மாட்டேன் என்பது இந்த வலைப்பூவைப் படிக்கிறவர்களுக்குத் தெரியும். அந்தப் பக்கம் போக நினைக்கிறவர்களுக்கும் உதவும் என்பதால் வழி, தூரம், செலவு எல்லாம் சேர்த்தே எழுதுகிறேன்.

நடந்தது தொண்ணூற்று மூன்றாம் வருஷம், மாசி மாதம். மம்சாபுரத்துக்கு மேற்கே மலையடியில் ஒரு சின்ன ஊர். அதுதான் என் தங்கை வீட்டுக்காரர் வேலுச்சாமியின் சொந்த ஊர். ஊர்ப் பெயரை எழுத வேண்டாம் என்று வேலுச்சாமி மாப்பிள்ளை கேட்டுக்கொண்டதால் விட்டுவிடுகிறேன். அந்த ஊர் எல்லைச்சாமிக்கு மாசியில் கொடைத் திருவிழா. கொடைக்கு முன்னால் மலையேறி மிளா வேட்டை. மிளா என்றால் கடமான். எங்கள் பக்கம் மிளா என்றுதான் சொல்வோம். எருமைக் கிடா உயரம், அதன் தலையில் இரண்டு காய்ந்த மரக்கிளையை நட்டு வைத்த மாதிரிக் கொம்பு. அமெரிக்க எல்க் இதற்கு அண்ணன் முறை வேண்டும்.

முன்னொரு காலத்தில் நிஜமாகவே அடித்துக் கொண்டுவந்து சாமிக்குப் படைத்திருக்கிறார்கள். பிறகு சட்டம் வந்தது, மலை சரணாலயம் ஆனது. ஊர்க்காரர்கள் வேட்டையை விடவில்லை, அம்பை விட்டுவிட்டார்கள். வில் உண்டு, அம்பு கிடையாது. வில்லுக்காரர் மிளாவுக்குத் தெரியாமல் அடிவைத்து, அடிவைத்து, வில்லடித் தூரத்துக்குப் போக வேண்டும். போய் நாணை இழுத்து வெறுமனே விட வேண்டும். 'டொய்ங்' என்று சத்தம் கேட்டு மிளா தலையைத் தூக்கிப் பார்த்தால், அடித்தது மாதிரி கணக்கு. நாண் சத்தத்துக்கு முன்னாலேயே தலை தூக்கிவிட்டால் வேட்டை தோற்றது. ஜெயித்தால் அந்த மிளாவின் நாலு குளம்படியிலும் பிடி மண் எடுத்து வருவார்கள். ஊரில் மண்பாண்டம் செய்கிற வேளார் அதைக் களிமண்ணோடு பிசைந்து ஒரு மண் மிளா செய்வார். கொடையில் சாமிக்கு முன்னால் நிற்பது அதுதான். இவ்வளவு நாகரிகமான வேட்டையை நான் உலகத்தில் வேறெங்கும் பார்த்ததில்லை. உலகத்தில் நான் பார்த்தது கன்னியாகுமரி முதல் திருப்பதி வரைதான் என்றாலும் சொல்கிறேன்.

வில் பிடிக்கும் உரிமை கீழத் தெருவில் மாப்பிள்ளை குடும்பத்துக்கு. அதற்கும் ஒரு சட்டம் உண்டு. தொடர்ந்து மூன்று மாசி மண் வராவிட்டால் வில் மேலத் தெருவுக்குப் போய்விடும். அதற்கு முந்தைய இரண்டு மாசியும் மண் வரவில்லை. காரணம் நாய். நாய்த் துணை இல்லாமல் அந்தச் சாமி வேட்டைக்குப் போகாது என்பதால் ஒரு நாய் கூட வந்தே ஆக வேண்டும். தூரத்தில் ஏதாவது ஒரு மிளா 'டாங்' என்று எச்சரிக்கைக் குரல் கொடுத்ததும் ஊர் நாய் குலைத்துவிடும். அதோடு கதை முடிந்தது. இரண்டு வருஷமும் அப்படித்தான்.

மாப்பிள்ளை ராஜபாளையத்தில் ஒரு மில்லில் பிட்டர். ஊரில் இருந்த நிலம் விற்றாகிவிட்டது, வீட்டின் ஒரு பக்கச் சுவர் மழையில் விழுந்துவிட்டது. அந்த ஊரில் அவருக்கு மிச்சம் இருந்தது 'வில்லுக்காரர் வீடு' என்ற பேர் மட்டும்தான். அதுவும் போனால் கொடைக்கு வரி வாங்கக்கூட ஒருவரும் அவர் வாசலுக்கு வரமாட்டார்கள். என் தங்கை வந்து என்னிடம் அழுதாள். "அண்ணே, மூணு நாளா அவிய சோறு திங்கல. ஷிப்ட்டுக்குப் போறாக, வாராக, சுவத்தப் பாத்து உக்காந்துருக்காக."

"வாய் தொறக்காத நாய் ஒண்ணு வேணும், அம்புட்டுத்தானே? நம்மகிட்ட இருக்கு" என்றேன்.

என்னிடம் இருந்தது அசல் ராஜபாளையம் நாய். உடம்பில் ஒரு புள்ளி மாறாத வெள்ளை, ரோஸ் மூக்கு. அதனால் துரை என்று பேர் வைத்திருந்தேன். நானூறு ரூபாய்க்கு வாங்கினேன். நின்றால் என் இடுப்பு உயரம், ஓடினால் பஸ் பின்னால் நிற்கும். ஒரே ஒரு விஷயம், துரைக்குக் காது கேட்காது. அந்த ஜாதியில் முழு வெள்ளைக் குட்டிகள் சில அப்படிப் பிறப்பது உண்டு. தெருவில் என்னைக் கேலி பேசினார்கள். காது கேட்காத நாய்க்கு உலகம் முழுவதும் கோயில் கருவறை மாதிரி அமைதியாக இருக்கும், அது எதற்குக் குலைக்க வேண்டும் என்பது என் வாதம். மிளா மலையே அதிரக் கத்தினாலும் துரை திரும்பிக்கூடப் பார்க்காது. மாப்பிள்ளையிடம் சொன்னேன். அன்றைக்குத்தான் மூன்று நாளைக்கு அப்புறம் முதல் தடவையாகச் சாப்பிட உட்கார்ந்தார்.

ராஜபாளையம் பழைய பஸ் ஸ்டாண்டில் காலை பத்து மணிக்கு ஏறினோம். ஸ்ரீவில்லிபுத்தூர் பன்னிரண்டு கிலோமீட்டர். ஆளுக்கு ஒண்ணே முக்கால் ரூபாய். கண்டக்டர் துரையைப் பார்த்து ஒரு அடி பின்னால் போனார்.

"நாய்க்கும் டிக்கெட் எடுக்கணும்."

"அரை டிக்கெட்டா, முழு டிக்கெட்டா?"

"நாலு காலு இருக்குல்லா, ரெண்டு டிக்கெட் எடும்."

"யோவ், அது நிக்கத்தானே போகுது. சீட்டா கேக்குது?"

"சீட்டு குடுக்கலன்னா கடிக்குமா?"

"இதுவரைக்கும் கண்டக்டரக் கடிச்சதில்ல."

சிரித்துவிட்டு லக்கேஜ் டிக்கெட் ஒன்று கிழித்தார். போகிறவர்கள் கவனிக்க: நாயோடு போனால் கடைசி சீட் பக்கம் நிற்பது நல்லது. முன்பக்கம் மீன்கூடை இருந்தால் பொறுப்பு உங்களுடையது.

ஸ்ரீவில்லிபுத்தூரே ஒரு வேட்டைக்காரன் பேரில் அமைந்த ஊர் என்று கோயிலில் சொல்வார்கள். அதனால் அங்கே இறங்கி, தேரடியில் நின்று ஒரு கும்பிடு போட்டோம். வழிகாட்டிக்குக் கொடுக்க இரண்டு கட்டுப் புகையிலை, எங்களுக்கு வாழைப்பழம், பொரிகடலை, கருப்பட்டி. மொத்தம் இருபத்திரண்டு ரூபாய். மடவார் வளாகத்துச் சிவன் கோயிலுக்குள் மாப்பிள்ளை மட்டும் போய்விட்டு வந்தார். நெற்றியில் விபூதியும் முகத்தில் பயமுமாக இருந்தார். பிறகு டவுன் பஸ் பிடித்து மம்சாபுரம், அங்கிருந்து மாந்தோப்புகளுக்கு நடுவே மூன்று கிலோமீட்டர் நடை. மாசியில் மா பூத்திருக்கும். அந்த வாசனையிலேயே வயிறு நிறைந்துவிடும். எனக்கு நிறையவில்லை, ஆனால் நிறைகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஊர் எல்லையில் வில்லை மாப்பிள்ளை கையில் கொடுத்தார்கள். மூங்கில் வில், கற்றாழை நாரில் திரித்த நாண், ஆள் உயரம். பூசாரி வந்து, "நாய்க்கு உத்தரவு சொல்லு" என்றார். வில்லுக்காரர் நாயின் காதில் வாய் வைத்து, "சாமி மேல ஆணை, குலைக்காத" என்று மூன்று தடவை சொல்ல வேண்டும். ஊரே சுற்றி நிற்கிறது. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார், நான் வானத்தைப் பார்த்தேன். அவர் குனிந்து துரையின் காதில் பக்தியோடு சொன்னார். துரை அவர் மூக்கை நக்கியது. "அடேயப்பா, உத்தரவு வாங்கிட்டு" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

கூட ஒரு வனக்காவலரும் வந்தார். வில்லோடு போகிறோமே, அம்பு ஒளித்து வைத்திருக்கிறோமா என்று பார்ப்பது அவர் வேலை. என் துணி மூட்டையை உதறினார், மூங்கிலின் ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். நான் தற்காப்புக்காக எடுத்து வந்திருந்த அரிவாளை வாங்கி வைத்துக்கொண்டார். "புலி வந்தா?" என்று கேட்டேன். "புலி வந்தா அரிவாள அதுட்ட குடுத்துட்டு வாங்க" என்றார். நல்ல மனிதர். மறுநாள் ஓடை தொடங்கும் இடம் வரைக்கும் வந்து, நாங்கள் திரும்பும் வரை அங்கேயே காத்திருந்தார்.

இன்னொருவர் சங்கிலி. மேலத் தெரு ஆள், ஐம்பது வயசு, கரிய உருவம், வாயில் பீடி. அவர்தான் சாட்சி. எதிர்த் தெருக்காரர் சாட்சியாக வந்தால்தான் பொய் சொல்ல முடியாது என்று அந்த ஊரில் ஏற்பாடு. வேட்டை தோற்றால் வில் போகிற வீடும் அவருடையதுதான். இதைவிட வசதியான சாட்சி கிடைக்குமா?

"ஏலே வேலு, மில்லு சைரன் கேட்டு எந்திரிக்கவனுக்கு வில்லு எதுக்குலே? மிளாவுக்கு ஷிப்ட்டு டயம் தெரியுமா?" என்று முதல் அடியிலிருந்தே ஆரம்பித்தார்.

"நீங்க சாட்சிக்கு வந்தீயளா, சண்ட இழுக்க வந்தீயளா சங்கிலியண்ணே?"

"ரெண்டுக்குந்தான்" என்று சொல்லிவிட்டு இருமினார். அந்த இருமலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சாதாரண இருமல் இல்லை. கிணற்றுக்குள் பாறைக்கு வெடி வைத்த மாதிரி. ஒவ்வொரு தடவையும் மரத்திலிருந்து கொக்கு பறக்கும்.

அன்றைக்குச் சாயங்காலமே மலையடியில், மலைக்குடிகளான பளியர் குடியிருப்புக்குப் போய்ப் படுத்துக்கொண்டோம். எங்கள் வழிகாட்டி அங்கேதான் இருந்தார். அவர் பேர் காளியம்மா. நான் அங்கே ஒரு முரட்டு ஆளை எதிர்பார்த்தேன். வந்தவர் என் தோள் உயரம்கூட இல்லை, காதில் ஈயக் கம்மல், வாய் நிறையப் புகையிலை. அவர் அப்பாதான் முன்பு வழி காட்டினாராம். அவருக்குப் பிறகு மகன்கள் யாருக்கும் மிளா நடக்கும் தடம் பிடிபடவில்லை, இவருக்குத்தான் பிடிபட்டது. வேட்டைக்குப் பொம்பளை வழி காட்டுவதா என்று ஊரில் முதல் வருஷம் முனகினார்களாம். அந்த வருஷம் அவர் இல்லாமல் போய், வழி தெரியாமல் மலையைச் சுற்றிவிட்டு வேறொரு ஊரில் இறங்கினார்களாம். அதோடு முனகல் நின்றது.

விடியும் முன்னே கிளம்பினோம். காளியம்மா முன்னால், பின்னால் வில்லோடு மாப்பிள்ளை, அப்புறம் நானும் துரையும், கடைசியில் சங்கிலி. முதல் ஒரு மணி நேரம் காய்ந்த ஓடை. பாறைகள் ஒவ்வொன்றும் ஒரு வீடு அளவு. சில பாறைகள் மாடி வீடு. அதன் பிறகு மரங்கள் நெருங்கின. ஒரு புளியமரத்தின் உச்சியில் சாம்பல் நிற அணில் ஒன்று. சும்மா அணில் என்று நினைக்காதீர்கள், வாலோடு சேர்த்தால் கை நீளம். மரத்துக்கு மரம் தாவும்போது பட்டுத் துண்டை வீசின மாதிரி இருந்தது. சரணாலயமே அதற்காகத்தான் வைத்தார்களாம். என் வாழ்நாளில் அவ்வளவு கம்பீரமான அணிலைப் பார்த்ததில்லை.

ஒரு ஈர மணலில் கால் தடம் கிடந்தது. புலி என்று நான் சொன்னேன். சிறுத்தை என்று மாப்பிள்ளை சொன்னார். காளியம்மா குனிந்து பார்த்துவிட்டு, "ஓம் நாயிதான் மீசைக்காரரே. முன்னால ஓடிட்டுத் திரும்பி வந்துச்சுல்லா" என்றார். இருக்கலாம். ஆனால் நகம் பதிந்திருந்த விதத்தை நான் அருகில் பார்த்தேன், எனக்கு இன்னமும் சந்தேகம்தான்.

பாதி வழியில் உட்கார்ந்து கருப்பட்டியைக் கடித்துக்கொண்டிருந்தபோதுதான் வினை வந்தது. சங்கிலி துரைக்குப் பின்னால் போய் நின்று சும்மா கையைத் தட்டினார். துரை திரும்பவில்லை. இன்னும் பலமாகத் தட்டினார். துரை எறும்பைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் முகம் விரிந்தது.

"ஏலே, இது செவிட்டு நாயில்லா! செவிட்டுக் காதுலயா உத்தரவு சொன்ன?"

மாப்பிள்ளை வாயில் கருப்பட்டி அப்படியே நின்றுவிட்டது.

"ஊனம் உள்ள நாய் சாமிக்கு ஆவாதுலே. மேல என்ன நடந்தாலும் நடக்கட்டும். கீழ போயி பூசாரிட்ட சொல்லிப்புடுவேன். வில்லு எங்க வீட்டுக்குத்தான்."

"அண்ணே…"

"என்னல அண்ணே? மில்லுல போயி மெஷினக் கட்டிக்கிட்டு அழு."

நான் எழுந்து நின்று மீசையை முறுக்கி, இது எங்கள் ஜமீன் நாய், இதன் பாட்டன் ஒத்தைக்குப் புலியை மறித்தவன், அப்படி இப்படி என்று ஒரு பத்து நிமிஷம் பேசினேன். ஒன்றும் எடுபடவில்லை. காளியம்மா புகையிலையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "தெருச் சண்டைய தெருவுல வச்சுக்கிடுங்க. இனி மேல வாய் பேசுனா நான் எறங்கிருவேன். நீங்க வழி கேட்டு வாங்க, கரடிட்ட."

மறுபடி ஏறத் தொடங்கினோம். மாப்பிள்ளையின் நடை மட்டும் கனத்துவிட்டது. ஜெயித்தாலும் தோல்வி என்று தெரிந்துகொண்டு மலையேறுவது லேசு இல்லை. திரும்பிப் போய்விடலாமா மாப்பிள்ளை என்று கண்ணால் கேட்டேன். அவர் மாட்டேன் என்று தலையை ஆட்டினார். வில்லைத் தோளில் இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஏறினார். அந்த மனிதரை நான் அன்றைக்குத்தான் மதிக்க ஆரம்பித்தேன். அதுவரை, என் தங்கைக்கு இன்னும் நல்ல இடமாகப் பார்த்திருக்கலாமோ என்று ஒரு எண்ணம் உள்ளே இருந்தது.

மேலே மரம் முடிந்து புல்மேடு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு சுனை இருக்கிறது. மாசியில் மற்ற இடத்தில் தண்ணீர் வற்றிவிடுவதால் மிளா அங்கே வரும். காளியம்மா கையைத் தூக்கினார். எல்லாரும் நின்றோம். காற்று எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்க அவர் மடியிலிருந்து சாம்பலை எடுத்தார். பனியில் நனைந்து கட்டியாகிவிட்டிருந்தது, தூவினால் நேராகக் கீழே விழுந்தது. அவர் முகம் சுருங்கியது. அப்போது மாப்பிள்ளை சட்டைப் பைக்குள் விரலை விட்டுத் துழாவி ஒரு சிட்டிகைப் பஞ்சை எடுத்தார். மில்லில் வேலை பார்க்கிறவர்களின் எந்தப் பையைத் துழாவினாலும் பஞ்சு இருக்கும், துவைத்தாலும் போகாது. அதை நூல் நூலாகப் பிரித்து விரல் நுனியில் வைத்து ஊதாமல் விட்டார். பஞ்சு மெதுவாக எழும்பி, எங்கள் முகத்தைத் தாண்டி, வந்த வழியே இறங்கிப் போனது. காற்று சுனையிலிருந்து எங்கள் பக்கம் வருகிறது. எங்கள் வாசனை மிளாவுக்குப் போகாது.

காளியம்மா அந்தப் பஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டி, "இன்னும் இருக்கா? கொஞ்சம் குடு" என்று கேட்டு வாங்கி மடியில் முடிந்துகொண்டார். சங்கிலி வேறு பக்கம் பார்த்தார்.

அங்கிருந்து தவழ்ந்துதான் போனோம். என் உடம்பைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். முழங்கை உரிந்தது, வேட்டி கிழிந்தது, அட்டை கடித்தது. ஒரு பெரிய பாறை, அதன் மறைவில் நாலு பேரும் நாயும். துரை இரையைக் கண்ணால் பார்த்து விரட்டுகிற ஜாதி நாய் என்பதால், என் துண்டை அதன் தலைமேல் போர்த்தினேன். காதும் கேட்காது, கண்ணும் தெரியாது என்றதும் ராத்திரி ஆகிவிட்டது என்று நினைத்துச் சுருண்டு படுத்துவிட்டது. மாப்பிள்ளை பாறையின் ஓரத்தால் தலையை நீட்டினார். அப்படியே கல்லாகிவிட்டார். நானும் நீட்டினேன்.

பனி புல்மேல் வெள்ளைச் சீலை மாதிரி கிடந்தது. அதற்கு நடுவே சுனை. சுனையின் கரையில் அது நின்றது. ஆண் மிளா. கழுத்தில் பிடரி மயிர், தோளில் சேறு, உடம்பிலிருந்து ஆவி எழும்புகிறது. கொம்பு ஒவ்வொன்றும் மூன்று கிளை, என் மார்பு உயரம் இருக்கும். இரண்டரை அடிதான் என்று மாப்பிள்ளை சொல்வார், அவர் பார்த்த கோணம் அப்படி. அது தண்ணீரில் வாய் வைத்துக் குடித்தது. குடிக்கிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. ஒரு மிடறு, ஒரு மிடறாக. தாடை மயிரில் சொட்டின தண்ணீரில் வெயில் பட்டது. எனக்கு, எதைப் பார்த்தாலும் பேசிவிடுகிற எனக்கு, பேச்சு வரவில்லை. வில்லடித் தூரம் வந்தாகிவிட்டது. நாணை இழுத்து விட வேண்டியதுதான். மாப்பிள்ளை விடவில்லை. வில்லைத் தூக்கிப் பிடித்தபடி வாயைத் திறந்து பார்த்துக்கொண்டே இருக்கிறார்.

அந்த நேரத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒரு விசித்திரமான சத்தம். திரும்பினேன். சங்கிலிக்கு இருமல் வந்துவிட்டது.

அவர் ஒரு தடவை இருமினால் போதும். மிளா தலை தூக்கும், ஓடும், வில் அவர் வீட்டுக்குப் போகும். யாரும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது, இருமல் வந்தால் மனிதன் என்ன செய்வான்? ஆனால் அவர் தன் தலைத்துண்டைச் சுருட்டி வாய்க்குள் திணித்துக்கொண்டிருந்தார். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தார். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்துவிட்டது, முகம் கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்விட்டது, கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. அந்தக் கண் மட்டும் மிளாவை விட்டு அசையவே இல்லை. செத்தாலும் பரவாயில்லை, அது குடித்து முடிக்கட்டும் என்று இருந்த மாதிரி இருந்தது.

காளியம்மா அவரைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கையை நீட்டி மாப்பிள்ளையின் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார். எருமைக்கு வைக்கிற சூடு மாதிரி. அவர் துள்ளி, நாணை காது வரை இழுத்து விட்டார்.

டொய்ங்.

மிளா தலையைத் தூக்கியது. ஓடவில்லை. எங்களை நேராகப் பார்த்தது. இரண்டு காதையும் முன்னால் திருப்பி, முன்காலால் ஒரு தடவை தரையைத் தட்டி, 'டாங்' என்று ஒரு குரல் கொடுத்தது பாருங்கள். வெண்கலக் குடத்தைப் பாறையில் போட்ட சத்தம். மலை முழுக்க உருண்டது. துரை துண்டுக்குள் காலை நீட்டிக் கொட்டாவி விட்டது. மிளா திரும்பி, அவசரமே இல்லாமல், நாங்கள் யாரோ வாடகைக்கு வந்தவர்கள் மாதிரி விட்டுவிட்டு, மரத்துக்குள் போய் மறைந்தது.

அதன் பிறகுதான் சங்கிலி துண்டை உருவினார். அந்த இருமலைக் கேட்டு ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரத்துப் புறாக்கள் பறந்திருக்கும். கால் மணி நேரம் இருமினார். மாப்பிள்ளை ஓடிப்போய் முதுகைத் தடவிவிட்டார். காளியம்மா சுனைத் தண்ணீரைக் கையில் ஏந்தி வந்தார்.

"என்னண்ணே, விட்டுட வேண்டியதுதானே?" என்றேன்.

"எத?" என்றார்.

"இருமல."

"அது தண்ணி குடிச்சுக்கிட்டுல்லா இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

குளம்படி மண்ணைச் சங்கிலியே அடையாளம் காட்டினார், எது முன்கால், எது பின்கால் என்று. மாப்பிள்ளை நாலு பிடி எடுத்துத் தேக்கிலையில் கட்டினார். இறங்கும்போது எனக்கு ஒரே கவலை. கீழே இந்த ஆள் நாய் விஷயத்தைச் சொல்லிவிட்டால் எல்லாம் போச்சு. வழியில் ஒரு தடவை, "அண்ணே, துரைக்கு ஒரு காது லேசா கேக்கும்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் இரண்டு அடி பின்தங்கி நடந்தேன்.

உச்சி வேளைக்கு ஊர் எல்லை. ஆணும் பெண்ணுமாக ஊரே நிற்கிறது. என் தங்கையும் வந்திருந்தாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு. பூசாரி சங்கிலியைச் சாமிக்கு முன்னால் நிறுத்திக் கையில் விபூதி கொடுத்தார்.

"மிளா தல தூக்குனது நாணுக்கு முன்னாலயா, பின்னாலயா?"

"பின்னால."

"கண்ணால பாத்தியா?"

"பாத்தேன் சாமி. இந்தக் கண்ணால பாத்தேன்."

"நாய் குலைச்சதா?"

"குலைக்கல."

"நாயில குறை ஏதும் உண்டா?"

மேலத் தெருக்காரர்கள் கழுத்தை நீட்டினார்கள். மாப்பிள்ளை தேக்கிலைப் பொட்டணத்தை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். துரை சங்கிலியின் கால் பக்கம் போய் உட்கார்ந்து அவரை அண்ணாந்து பார்த்தது. அவர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், மறுபடி இருமல் பிடித்துக்கொண்டது. இருமி முடித்து, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

"கொறை ஏங்கிட்டத்தான் சாமி இருந்துச்சு. நாயிட்ட ஒரு கொறையும் இல்ல."

குலவைச் சத்தம் எழுந்தது. என் தங்கை அழுதாள். நான் அழவில்லை, புல்மேட்டுப் பூச்சி ஏதோ கண்ணில் விழுந்துவிட்டது.

இப்போது போக நினைக்கிறவர்களுக்கு. அந்த மலை இன்றைக்குப் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் ஒரு அடி ஏறாதீர்கள். நாய் கூட்டிப் போக இப்போது யாரையும் விடமாட்டார்கள், வில்லும் அப்படித்தான். அடிவார மாந்தோப்பு வரைக்கும் போய் வருவதற்கே ஒரு நாள் தாராளமாக வேண்டும். மாசி, பங்குனி நல்லது. மழைக்காலத்தில் ஓடையை நம்பாதீர்கள். சட்டையில் வாசனைத் திரவியம் போடாதீர்கள். மலை ஆட்கள் யாராவது வழி காட்டினால் அவர்கள் நிற்கச் சொன்ன இடத்தில் நில்லுங்கள், அதிகம் பேசாதீர்கள். பேசுவதில் எனக்கு இணை கிடையாது, அதனால்தான் சொல்கிறேன். மிளாவைப் பார்த்தால் போட்டோ எடுப்பதற்கு முன்னால் ஒரு நிமிஷம் சும்மா பாருங்கள். அடிக்காமல் விட்டுவந்த மிருகம்தான் மனசில் கடைசி வரை நிற்கும் என்பது என் கட்சி. எங்களுக்கு மொத்தச் செலவு, காளியம்மாவுக்குக் கொடுத்த நூறு ரூபாயும் சேர்த்து, நூற்று நாற்பதுக்குள் முடிந்தது.

ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. கொடை முடிந்த மறுநாள் காலையில் ராஜபாளையம் பஸ்ஸுக்குக் கிளம்பினோம். மாப்பிள்ளை வில்லை எடுத்துக்கொண்டு நேரே மேலத் தெருவுக்கு நடந்தார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சங்கிலி வாசலில் உட்கார்ந்து பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, எங்க வீட்டுச் சுவர் விழுந்து கெடக்கு. மழையில நனைஞ்சா மூங்கில் உளுத்துரும். ஒங்க வீட்ல இருக்கட்டும். மாசிக்கு மாசி வந்து வாங்கிக்கிடுதேன்."

சங்கிலி வேப்பங்குச்சியை வாயிலிருந்து எடுத்தார். வில்லையும் பார்த்தார், மாப்பிள்ளையையும் பார்த்தார்.

"ஏலே, ஏம் பொண்டாட்டி இதுல சேலை காயப் போட்டுருவாளே."

"போட்டா என்ன? நாண் தளராமப் பாத்துக்கிடுங்க."

அவர் எழுந்து, வாயைக் கொப்பளித்து, இரண்டு கையையும் வேட்டியில் துடைத்துக்கொண்டு வில்லை வாங்கினார். உள்ளே போய் எங்கே மாட்டுவது என்று தேடும் சத்தம் கேட்டது. ஒரு பாத்திரம் உருண்டது, ஒரு பெண் திட்டினாள். பிறகு உள்ளே இருந்தே கத்தினார்:

"மாசிக்கு இல்ல, தை மாசமே வந்துருலே! வேட்டைன்னா அன்னைக்கு வந்து அன்னைக்குப் போறதா? விழுந்த சுவர எழுப்பணும், கூரை வேயணும், ஓம் வீட்டத்தாம்ல சொல்லுதேன்!"